அவளுக்காக நான் சொன்ன பதில்

வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்து. பல் துலக்கிக்கொண்டிருந்த என் மகள் வாஷ்பேசினைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு விட்டு விட்டு வந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள்.

அதற்கு முன்பே மூன்று வாரமாக இருமல். கப்பலூரில் எனக்கு வேலை, வீடு நாகமலை புதுக்கோட்டையில். ஓடிக்கொண்டிருந்த அவசரத்தில் அவள் போய்வரும் பஸ் புழுதிதான் காரணம் என்று முடிவு கட்டினேன். நொச்சி இலையைக் கொதிக்கவைத்து, போர்வையால் மூடி ஆவி பிடிக்கச் சொன்னேன். "நல்லா உள்ள இழுடி" என்று முதுகைத் தடவினேன். மறுக்காமல் இழுத்தாள். அவள் அறையில் சில நாள் மாம்பழ வாசனை அடிக்கும். கேட்டால் லிப் பாம் என்பாள். எனக்கும் ஒன்று வாங்கி வரச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் வெள்ளை படர்ந்திருந்தது. சிகரெட் பழக்கம் உண்டா என்று டாக்டர் அவளிடம்தான் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க வீட்ல ஆம்பளைகளே அதத் தொட்டதில்ல சார். பொம்பளப் பிள்ளைகிட்டப் போயி கேக்குறீங்க."

அவர் எழுதிக்கொண்டார். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

நிமோனியா என்று மருந்து ஏறியது. சனி போயிற்று, ஞாயிறும் போயிற்று. திங்கள் காலை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மருந்து கேட்கவில்லை, வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும், பிடிபடவில்லை என்றார் டாக்டர். முகத்தில் மாஸ்க்கோடு கிடந்தவளிடம் எதையும் கேட்க முடியவில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறாள். ஒரு மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை நிற்கிறாள். என் பதில் தின்ற அந்த மூன்று நாள் இல்லாதிருந்தால் அவள் நுரையீரலில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

அந்தத் திங்கள் மதியம் அவளோடு படிக்கும் பெண் தனியாக வந்தாள். பையிலிருந்து ஹைலைட்டர் பேனா போன்ற ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். எலக்ட்ரானிக் சிகரெட் என்றாள். அதே மாம்பழ வாசனை.

"நாலு மாசமா ரெண்டு பேரும் இழுக்குறோம் ஆன்ட்டி. இதுல ஒண்ணும் இல்ல, வெறும் ஃப்ளேவர்தான்னு சொன்னாங்க. டாக்டர்ட்ட காட்டுங்க."

நான் எழுந்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் மூணு நாளா நெஞ்ச அடைக்குது. எங்கம்மாட்ட நீங்களே சொல்றீங்களா?"