தூரத்தில் நிற்கிற ஆள்

போன வாரம் லைட்ஹவுஸ் குப்பத்தில் என் சிநேகிதன் தேசிங்கு ஒண்டியாகக் கடலுக்குப் போனான்.

இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. அவனுடைய ஃபைபர் படகில் வழக்கமாக நாலு பேர் போவார்கள். தேசிங்கு, அவன் மனைவி வனிதாவின் அண்ணன் கோதண்டம், இன்னும் இரண்டு பேர். எங்கே வலை போடுவது? தேசிங்கு வடக்கே என்பான், மற்ற மூவரும் தெற்கே என்பார்கள். படகு தெற்கே போகும். எத்தனை மாதம்தான் பொறுப்பான்? "என் படகுல என் பேச்சுக்கு மரியாத இல்லன்னா, பாரத்துக்கு ஏத்தின மூட்டையா நானு?" என்று ஒரு சாயங்காலம் கத்தினான். மறுநாள் யாரையும் கூப்பிடவில்லை.

ஆனால் பாருங்கள்... ஒரு படகை ஒரே ஆள் மணலில் தள்ள முடியாது. கரையில் இருக்கிறவர்கள் தோள் கொடுக்க வேண்டும். அங்கே அது வழக்கம் — பேச்சுவார்த்தை இல்லாதவன் படகாக இருந்தாலும் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை. அவனைப் பார்த்துப் போக வந்திருந்த நானும் தள்ளினேன். எனக்கு எதிர்ப்பக்கம் தோள் கொடுத்தது யார்? கோதண்டம்!

"ராசா தனியா போறாரு, அல்லாரும் வழி வுடுங்கப்பா!"

"பேசாம தள்ளு மச்சான்."

"தள்ளிகினுதான கீறேன். போ, வடக்க போயி திமிங்கலம் புட்சிகினு வா."

தனியாகப் போகிறவனை வழியனுப்ப ஏழெட்டுப் பேர்! எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு வெயில் ஏறும் வரைதான்.

மற்ற படகுகள் எல்லாம் வந்துவிட்டன. மீன் ஏலம் முடிந்துவிட்டது. தேசிங்கு வரவில்லை. போன் அடித்தால் லைன் கிடைக்கவில்லை. காற்று வேறு திரும்பி, அலை உயரமாக எழுந்து உடைய ஆரம்பித்தது.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். பெரிய சொற்கள் எல்லாம் கடை போர்டுகளில் படித்துக் கற்றவைதான். 'தனித்துவம்' என்ற சொல்லைப் பொன்னேரியில் ஒரு ரெடிமேட் கடை வாசலில் பார்த்தேன். உள்ளே ஒரே மாதிரிச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. 'தனித்தன்மை' என்று மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். கைதட்டல் விழும் சொல் அது. அன்றைக்குக் கரையில் தேசிங்குக்குக் கிடைத்த சொற்களோ வேறு. ஒண்டி. ஒத்தையாள். ஒட்டாதவன். திமிர் பிடித்தவன்... ஒன்றுக்காவது கைதட்ட முடியுமா?

வனிதா காயப்போட்ட மீனை அப்படியே விட்டுவிட்டு வந்து தண்ணீர் ஓரமாக நின்றாள்.

"கோதண்டத்துகிட்ட சொல்லும்மா" என்றேன்.

"இன்னான்னுண்ணா சொல்றது? உன்ன வேணாம்னு போன ஆள நீயே தேடிகினு வான்னா?"

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோதண்டம் ஏற்கெனவே இன்னொருவர் படகில் டீசல் கேனை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"ஏ வனிதா! வடக்கதான போறேன்னான்?"

"வடக்கதாண்ணா!"

"வடக்கயாம்... வடக்க!" திட்டிக்கொண்டே எஞ்சினைக் கிளப்பினான்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. தூரத்தில் ஏதாவது படகு தெரியும். "அதோ!" என்பேன். "அது இல்லண்ணா" என்பாள். இன்னொன்று தெரியும். அதுவும் இல்லை. எனக்கு எல்லாம் வெறும் புள்ளி.

"எப்படிம்மா தெரியுது?"

"எங்க ஊட்டுக்காரு இடது கால முன்ன வச்சி, தலய ஒரு பக்கம் சாய்ச்சிகினு நிக்கும். வேற யாரும் அப்பிடி நிக்கறதில்ல."

யோசித்துப் பார்த்தேன். தனியாகப் போனதால் தேசிங்கு தனி ஆள் ஆகிவிடவில்லை. நாலு பேரோடு போகும்போதும் இவள் கண்ணுக்கு அவன் தனியாகத்தான் தெரிந்திருக்கிறான். பாவம், அது அவனுக்குத் தெரியாது.

கடைசியில் இரண்டு படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நடுவே கயிறு.

"முன்னாடி எங்க அண்ணன்..." என்றவள் நிறுத்தினாள். என் கையைப் பிடித்தாள். "பின்னாடி யாரும் நிக்கலயே... அண்ணா, யாரும் நிக்கலயே!"

பார்த்தேன். பின்னால் வந்த படகில் ஆள் இல்லை. நான் பட்டினி கிடந்திருக்கிறேன், பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறேன். அதெல்லாம் பழகிவிடும். ஒரு காலிப் படகைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண்ணின் பக்கத்தில் நிற்பது... அது எனக்குப் பழக்கமில்லை. என்ன சொல்வது?

படகு இன்னும் நெருங்கியபோது விளிம்புக்கு மேலே ஒரு தலை எழும்பியது. உடனே குனிந்தது. மறுபடி எழும்பியது. அறுந்து மிதந்த வலை ஒன்று எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டதில் எஞ்சின் நின்றுபோய், அலை உள்ளே ஏறி, தேசிங்கு மண்டி போட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்!

வனிதா இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டாள். "உக்காந்துகினா வருவ? நின்னுகினு வர்றதுக்கு இன்னா கேடு உனக்கு?"

அவனுக்குப் புரியவில்லை. "தண்ணி எறைக்கறவன் நின்னுகினா எறைப்பான்?"

அவள் அழுதாள். அவன் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

கோதண்டம் படகுக்குள் எட்டிப் பார்த்தான். அடியில் நல்ல வஞ்சிரம் கிடந்தது. "வடக்க மீனு கீதுதான்" என்றான், யாருக்கும் கேட்காத மாதிரி. தேசிங்குக்குக் கேட்டது. ஆனால் அவன் ஜெயித்தவன் மாதிரி இல்லை. தண்ணீர் இறைத்த வாளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கும் ஒண்டியா?" என்று கேட்டேன். அவன் வாளியை வைத்துவிட்டு, விசிறியில் சிக்கிய வலையைப் பிரிக்க ஆரம்பித்தான். வனிதா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் பஸ் ஏறிவிட்டேன். அவன் எப்படிப் போனான் என்று இந்த நிமிடம் வரை தெரியாது. ஊர் ஊராகப் போகிற எனக்கு வேறொரு கவலை ஒட்டிக்கொண்டது. தூரத்தில் ஒரு புள்ளியாக வந்தால், நான் எப்படி நிற்பேன்? எப்படி நடப்பேன்? யாரைக் கேட்பது?

உங்களைப் பற்றி அதைச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா? அப்படியானால் இன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமாக வீடு போய்ச் சேருங்கள்.