சண்டை போட ஒரு பெஞ்சு

சித்தூரில் ஒரே அறையில் நாங்கள் ஆறு பேர்: நான், கணவர், மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள். மூலையில் ஒரு சமையல் மேடை. அதை கிச்சன் என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் வாடகை வாங்குகிறார். இந்த அறையில் தூங்கலாம், சாப்பிடலாம், டிவி பார்க்கலாம். புருஷனும் பொண்டாட்டியும் சண்டை மட்டும் போட முடியாது. நான் வாயைத் திறந்தால் மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

நான் பிறந்த நகரியில் இந்தக் கஷ்டமே கிடையாது. பவர்லூம் ஓடும்போது நைனாவும் அம்மாவும் தொண்டை கிழியக் கத்திக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கும் எனக்கே கேட்காது.

அதனால் 'வாக்கிங்' என்று சொல்லிவிட்டு நாங்கள் தெருமுனைப் பூங்காவுக்குப் போவோம். பூங்கா என்றால் ஒரு புங்கமரம், சங்கிலி அறுந்த ஊஞ்சல், மரத்தடியில் நன்கொடையாளர் பெயர் பொறித்த சிமென்ட் பெஞ்சு. அந்தப் பெயரின் மேல் உட்கார்ந்துதான் நாத்தனார் கல்யாணச் சீர் முதல் கணவருடைய சிகரெட் வரை எல்லா வழக்கையும் நடத்தினோம்.

அந்த இடத்தில் வீடில்லாதவர்களுக்கு மாடி வீடு கட்டலாமா என்று முனிசிபாலிட்டி கூட்டம் போட்டுக் கேட்கப்போவதாகச் செய்தி வந்தது. கட்டினால் முதலில் எங்கள் தெருவில் வாடகைக்கு இருப்பவர்களுக்குத்தானாம். கணவர் அன்று மாலையே செருப்பை மாட்டினார்.

"சொந்த வீடுமே! இன்னா யோசிச்சிக்கினு கீற?" என்றார், பெஞ்சில் உட்கார்ந்ததும்.

"பார்க்கு போயிடுமே."

"போவட்டும். பெட்ரூம் வருது, கதவு வெச்ச பெட்ரூம். மூடிக்கினு நாள் பூரா சண்டை போடு, யாரு கேக்கப்போறாங்க?"

கல்யாணமான இத்தனை வருடத்தில் எனக்குக் கதவு தருகிறேன் என்று யாரும் சொன்னதில்லை. சத்தியமாக உருகிப்போனேன். பிறகு புத்தி வந்தது.

"அந்த ரூம்ல யாரு படுப்பாங்க?"

அவர் அறுந்த ஊஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாவுக்கு மூட்டு வலி. ஹால்ல எப்பிடி..."

என் கதவு அதோடு போயிற்று.

கூட்டத்தன்று பூங்கா வேண்டும் என்பவர்களை மரத்தடியிலும், வீடு வேண்டும் என்பவர்களை கேட் பக்கமும் நிற்கச் சொன்னார்கள். மரத்தடியில் எல்லாரும் வாக்கிங் ஷூ போட்ட ரிட்டயர்டு சார்கள், ஆளுக்கொரு மாடி வீடு வைத்திருப்பவர்கள். பூங்கா போனால் ஊருக்கே மூச்சு முட்டும் என்று முழங்கினார்கள். அவர்கள் நடுவில் ரப்பர் செருப்போடு நான். எனக்கும் வீட்டின் மேல் ஆசை இல்லாமல் இல்லை.

"அடியே, அது அவங்க பக்கம், இங்க வா!" என்று கேட்டிலிருந்து மாமியார் கத்தினார். பக்கத்தில் என் கணவர்.

முனிசிபாலிட்டி அதிகாரி சிரித்துவிட்டார். "இன்ட்லோ மாட்லாடுகொனி ரண்டம்மா" என்றார் தெலுங்கில். வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு வரவேண்டுமாம்.

"வீட்ல பேச முடிஞ்சா நான் ஏன் சார் இந்தப் பக்கம் நிக்கப்போறேன்?"

சார்கள் சிரித்தார்கள். கேட் பக்கம் நின்ற மருமகள்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. கணவர் முகம் சிவந்து விறுவிறுவென்று வந்தார், என்னை இழுத்துப்போய் பெஞ்சில் உட்காரவைத்தார், "இன்னாமே, ஊருக்கு முன்னாடி மானத்த வாங்கற?" என்று ஆரம்பித்தார்.

நானும் விடவில்லை. அதற்குள் அதிகாரி தலைகளை எண்ண ஆரம்பித்திருந்தார். மரத்தடியில் உட்கார்ந்திருந்த என் கணவரையும் பூங்காக் கணக்கில் சேர்த்துக்கொண்டு போனார்.