வரட்டும் என்று சொன்னவன்

இது கதை இல்லை. கதையாக இருந்தால் நானே இன்னும் கொஞ்சம் அழகாக முடித்திருப்பேன். பத்து பாகாட் ஊரில் குழாய் வேலை செய்கிற மகேஸ்வரனைத் தெரிந்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பேய் பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள். அவன் பயந்தது பெண்டாட்டி பிரேமலாவுக்கு மட்டும்தான். அதே ஆள் இன்று தன் வீட்டுக் குளியலறைக்குப் போனாலும் கதவைச் சாத்துவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. பிரேமலாவுக்கு அப்போது எட்டாம் மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டுமே என்று அவன் வேண்டாத சாமி இல்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியின் புருஷன் சாவு வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாள். எதற்கும் சிரிக்கிறவன், இதற்கு மட்டும் சிரிக்கவில்லை. யார் வேலைக்குக் கூப்பிட்டாலும் முதலில் அதைத்தான் கேட்பான்.

திருச்செல்வத்திடமும் கேட்டான். அவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர். தாமான் குடியிருப்பில் உள்ள தன் மாடி வீட்டை வாடகைக்கு விடப்போவதாகவும், மேலே குளியல் தொட்டியிலும் ஷவரிலும் தண்ணீர் சரியாக வருவதில்லை என்றும் போனில் சொன்னார். சாவி பூச்சட்டிக்கு அடியில் இருக்கிறதாம். வீட்டில் சாவு ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லலா," என்றார்.

மதியம் 2.20. சாவியைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. வாசலில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. சொட்டச் சொட்ட ஈரம். அன்று மழை இல்லை. வீடு கழுவ யாரோ சொந்தக்காரப் பெண் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

மாடியில் படுக்கையறைக் கதவு மூடியிருந்தது. "பிளம்பர்மா," என்று குரல் கொடுத்தான். பதில் இல்லை. தூங்குகிறாள் போலிருக்கிறது என்று சத்தம் போடாமல் குளியலறைக்குள் போனான்.

ஷவரைத் திறந்தால் நூல் மாதிரி ஒழுகியது. கழற்றிப் பார்த்தான். உள்ளே சல்லடையில்... முடி. நீளமான கறுப்பு முடி, பந்தாகச் சுருண்டு கிடந்தது. தண்ணீர் வடிகிற வழியில் முடி அடைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இது தண்ணீர் வருகிற வழி. கூரைத் தொட்டியின் மூடி திறந்து கிடக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சுத்தம் செய்து மாட்டினான். அப்படியும் நூல்தான். குளியல் தொட்டிக் குழாயையும் ஷவரையும் திறந்து வைத்துவிட்டு, கீழே சமையலறைக்குப் பின்னால் இருக்கும் வால்வைப் பார்க்க இறங்கினான்.

2.58. வால்வு பாதி மூடியபடி துருவேறிக் கிடந்தது. இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கீழே திருப்புகிறவன் மேலே இருக்கிறவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் திருப்புவான். வாய் தானாகவே கேட்டுவிட்டது.

"வருதாம்மா?"

"வரல."

பெண் குரல். களைத்த குரல். எழுந்துவிட்டாள் போல என்று நிம்மதியாக இருந்தது. அரைச் சுற்றுத் திருப்பினான்.

"இப்ப?"

"கொஞ்சம்..."

இன்னும் அரைச் சுற்று. மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தட... தட... தட...

"போதும்."

சிரித்துக்கொண்டான். பாதித் தண்ணீரில் குளித்தே பழகிப்போனவர்கள் என்று நினைத்து, இன்னும் திருப்பினான்.

"போதும்... போதும்..."

அப்புறம் சத்தமே இல்லை.

மணி 3.05. இந்த முறை குரல் மாடியிலிருந்து வரவில்லை. பக்கத்தில்... சமையலறைக் குழாயின் வாய்க்குள்ளிருந்து வந்தது.

"வரட்டுமா?"

தண்ணீரைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தான்.

"வரட்டும்மா. முழுசா வரட்டும்."

சொன்ன பிறகுதான் குரல் எங்கிருந்து வந்தது என்பது உறைத்தது.

மாடிக்கு ஓடினான். தொட்டி நிரம்பி வழிந்தது. அடைப்பானை அவன் போடவில்லை. குழாயும் ஷவரும் இறுக்கி மூடியிருந்தன. அவற்றை அவன் மூடவில்லை.

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டில் இல்லை. ஆள் இல்லை.

தரையில் ஈரக் கால்தடம்... படியை நோக்கிப் போனது. அவன் இப்போதுதான் ஏறி வந்த படி.

வாசலுக்கு வந்தான்.

செருப்பைக் காணோம்.

போன் அடித்தது. பிரேமலா.

"என்னங்க... தண்ணி வருது... நிக்க மாட்டேங்குது..."

பனிக்குடம் உடைந்திருந்தது. எப்போது என்று பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மூன்று ஐந்துக்கு என்றாள். செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்ததால் மணி அவளுக்குச் சரியாகத் தெரிந்தது.

பெண் குழந்தை. பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிழைத்தது. லோஷினி என்று பெயர் வைத்தார்கள். மாமியார் மொட்டை போட்டுக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து மகேஸ்வரன் திருச்செல்வத்தை நேரில் பிடித்தான். அன்று அந்த வீட்டில் யாருமே இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். பிறகு அழுதார். சாவு நடந்த வீடு என்றால் யார் வாடகைக்கு வருவார்கள் என்றுதான் மறைத்தாராம். அவர் மனைவி புஷ்பவள்ளிக்கு வலிப்பு நோய் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மதியம் அவள் தொட்டியில் இருந்தாள். தண்ணீர் குறைவாக வருகிறது என்று அவர் கீழே வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"போதும் போதும்னு கத்துனா. நான் வெளையாடுறான்னு நெனச்சேன். முழுசா வரட்டும்னு சொல்லிச் சிரிச்சேன். மேல போனப்ப வலிப்பு வந்து தண்ணிக்குள்ள கெடந்தா," என்றார்.

அதற்குப் பிறகு வால்வைப் பாதி மூடி வைத்தவரும் அவர்தான்.

மகேஸ்வரன் இதைப் பிரேமலாவிடம் சொல்லவில்லை. தவம் கிடந்து பெற்ற பிள்ளை. எப்படிச் சொல்வான்?

லோஷினிக்கு இரண்டு வயது நெருங்கியும் பேச்சு வரவில்லை. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. போன மாதம் ஒரு சாயங்காலம், 6.10 மணிக்கு, அவளைக் குளிப்பாட்டப் பெரிய பிளாஸ்டிக் பேசினில் உட்காரவைத்துக் குழாயைத் திறந்தான். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. குழந்தை நிமிர்ந்து அவனைப் பார்த்தது. முதல் வார்த்தை பேசியது. குரலில் மழலை இல்லை. களைத்த குரல்.

"போதும்."

இந்தத் தடவை அவன் உடனே குழாயை மூடிவிட்டான்.