மண்ணெண்ணெயில் கரைந்த இலக்கம்

நிலாவெளியில் கடற்காற்றுக்கு இரும்பெல்லாம் கறள் பிடித்துவிடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பதுதான் எங்கள் வழக்கம். சென்ற வருடம் காலமான என் மனைவியின் மடிக்கணினி பழுதானபோது, அதன் அடிப்பக்கத் திருகாணிகளையும் அப்படியே துடைத்தேன். அங்கே ஒட்டியிருந்த சீட்டில் அச்சிட்டிருந்த விண்டோஸ் உரிம இலக்கமும் சேர்ந்து கரைந்துபோனது.

நகரத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணா, இந்த நம்பர் இல்லாம பழைய விண்டோஸைத் திருப்பிப் போட ஏலாது. எல்லாத்தையும் துடைச்சுப்போட்டுப் புதுசு போடட்டா?"

"ஓம் தம்பி, ஓடினாக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்றேன். உள்ளே இருப்பதை முதலில் எடுத்துத் தரும்படி கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.

வீட்டில் திறந்ததும் மகள் தேடினாள். "அப்பா, அம்மா பாடி வச்சதெல்லாம் எங்க?"

ஒன்றும் மிஞ்சவில்லை.

இப்போது எதைத் திருத்தக் கொடுத்தாலும், உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்து, அடியிலுள்ள இலக்கத்தையும் கைபேசியில் படம் பிடித்த பிறகுதான் கொடுக்கிறேன். மனைவியின் மடிக்கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. அதைத் திறக்கத்தான் எங்கள் இருவருக்கும் மனம் வருவதில்லை.