கொக்கோ இனிப்பு செய்த ஒன்பதாம் நாள்

அந்தப் பகலை நினைத்தால் இப்போதும் தூக்கத்தில் கண்டது போலத்தான் இருக்கிறது. விராலிமலைக்குக் கிழக்கே எங்கள் வீடு. அன்று வீடு முழுக்கக் கொக்கோ வாசனை. பினாங்கில் ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்த என் அண்ணன் விடுப்பில் வந்திருந்தார். வரும்போது ஒரு டின் கொக்கோப் பொடி கொண்டுவந்தார். அங்கே மாவைத் தட்டுப் போலச் சுட்டு, அதற்குள் கறுப்பாகப் பளபளக்கும் இனிப்பை ஊற்றி ஆறவைப்பார்களாம். மறுநாள் கிளம்புவதற்குள் அதை எனக்குச் செய்து காட்டிவிட வேண்டும் அவருக்கு.

எனக்கோ பயம். எங்கள் பசு ஈன்று ஒன்பது நாள். போன ஈத்துக் கன்று பத்தாம் நாள் செத்துப்போயிற்று. அதனால் இந்தத் தடவை, பதினோராம் நாள் அம்மன் கோயில் புற்றில் பால் ஊற்றும்வரை எங்கள் வீட்டில் பால், தயிர், நெய் எதுவும் யார் வாயிலும் படாது என்று நேர்ந்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான்; படிப்புக்குப் பதில் கவலைதான் வளர்ந்தது. கன்று தும்மினால் போட்டது போட்டபடி தொழுவத்துக்கு ஓடுவேன்.

“பால் இல்லாம எப்புடிண்ணே?”

“தேங்காப்பால் இருக்கேத்தா. வெண்ணெய்க்குப் பதிலா நல்லெண்ணெய். என்ன கொறைஞ்சுபோச்சு?”

சலிக்காத கேழ்வரகு மாவை வறுத்து, கருப்பட்டித் தூளும் எண்ணெயும் விட்டுப் பிசைந்தோம். ஓரம் உயர்ந்த பித்தளைத் தட்டில் விரலால் அழுத்திப் பரப்பி, மூடி, மேலும் கீழும் தணல் போட்டோம். கெட்டித் தேங்காய்ப்பாலில் கருப்பட்டிப் பாகும் கொக்கோவும் கொஞ்சம் அரிசி மாவும் சேர்த்துக் கிண்டக் கிண்ட, மழைக்கு முந்தின வானம் போல இருண்டுகொண்டே வந்தது. தட்டில் ஊற்றியபோது ஓட்டுச் சந்து வெளிச்சம் அதன் மேல் மிதந்தது. ஈர மணலில் வைத்து ஆறவிட்டோம். பார்த்துக்கொண்டே இருந்தேன். கன்றைக்கூட மறந்துவிட்டேன்.

என் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “என்ன அண்ணி, வரட்டி தட்டி வச்சிருக்கீங்க?”

“வாய மூடிக்கிட்டுத் தின்னு பாரு” என்றார் அண்ணன்.

“வாய மூடிக்கிட்டு எப்புடித் திங்கிறது? பினாங்குல அப்புடித்தான் திங்கிறாகளா?”

சிரித்துக்கொண்டே ஒரு துண்டைப் பிய்த்தாள். அப்போதுதான் அடுப்போரம் மூடி திறந்து கிடந்த நெய்ச் செம்பு என் கண்ணில் பட்டது. இனிப்புக் கொட்டும் தட்டென்றால் முதலில் நெய் தடவிப் பழகிய கை. தணலையே யோசித்துக்கொண்டிருந்தபோது தானாகப் போய் எடுத்திருக்கிறது.

“அடியே, கீழ போடு!”

அவள் திடுக்கிட்டுத் தட்டிலேயே போட்டாள்.

“தட்டுக்கு நெய் தடவிட்டேண்ணே. நானே தடவிட்டேன்” என்று அழுதேன்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டார். “நான் ஒன் பொறந்த வீட்டு ஆளு. ஒன் வீட்டு நேத்திக்கடன் என்னையக் கட்டாது. வாசலுக்கு அங்கிட்டுப் போய்த் திங்கிறேன்.”

தெருவுக்கு அந்தப் பக்கம் புளியமர நிழலில் உட்கார்ந்து தின்றார்.

“எப்புடி இருக்கு?” என்று வாசலில் நின்று கத்தினாள் நாத்தனார்.

“மொதல்ல கசக்குது. அப்புறம் தேங்கா. அப்புறம்... இரு, இன்னொரு வாய் தின்னுட்டுச் சொல்றேன்!”

நாங்கள் இருவரும் எச்சில் விழுங்கிக்கொண்டு கேட்டோம்.

பத்தாம் நாள் விடிந்ததிலிருந்து தொழுவத்திலேயே இருந்தேன், கன்று படுக்கும்போதெல்லாம் அதன் வயிற்றில் கை வைத்தபடி. அண்ணனை வழியனுப்ப ரோட்டுக்குப் போகவில்லை. பஸ் போகும் சத்தம் மட்டும் கேட்டது. வெயில் சாய்ந்தபோது என் கையைத் தள்ளிவிட்டுக் கன்று எழுந்தது. துள்ளிப் போய்த் தாயின் மடியை முட்டியது. நான் நகராமல், அது குடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.