சூயஸில் இறங்கமாட்டேன்

எங்கள் வீட்டில் கடலைப் பார்த்தவர் மாமனார் ஒருவர்தான். அதுவும் மெட்ராஸுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் வரை நனைத்துவிட்டு வந்ததோடு சரி. அந்த அனுபவத்தின் பலத்தில் எங்கள் கப்பல் பயணத்தைத் திட்டமிடும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். மல்லேஸ்வரத்தில் அந்த வீட்டில் அவர் எடுத்துக்கொண்ட பொறுப்பைத் திருப்பி வாங்கியவர்கள் யாரும் கிடையாது.

ஐம்பதுகளின் ஆரம்பம் அது. என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை அவரை ஒரு வருடப் பயிற்சிக்கு இங்கிலாந்துக்கு அனுப்புவதாக இருந்தது. பம்பாயில் கப்பல் ஏறி, ஏடன், சூயஸ் கால்வாய் வழியாகப் போக வேண்டும். மனைவியையும் அழைத்துப் போகலாம், அந்தச் செலவு அவரவர் பாடு என்றார்கள். நான் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர். சேர்த்து வைத்த சம்பளம் பின்னே எதற்கு, நானும் வருகிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். எனக்கு லண்டன் மேல் ஆசை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். லண்டன் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் பார்க்க ஆசைப்பட்டது வழியில் இருந்த அந்தக் கால்வாயைத்தான்.

வருடா வருடம் அதைக் கரும்பலகையில் நீலச் சாக்கட்டியால் ஒரு கோடாக இழுப்பேன். மேலே மத்தியதரைக் கடல், கீழே செங்கடல், நடுவில் கால்வாய், இரு பக்கமும் பாலைவனம், கப்பலில் நின்றால் இரண்டு கரையும் தெரியும். ஒரு வருடம் பின்பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, "நீங்க பாத்திருக்கீங்களா, மிஸ்?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உக்காரு" என்றேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பார்த்தவர்களிடமாவது கேட்கலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. எங்கள் பள்ளித் தலைமைக் கன்னியாஸ்திரி இளவயதில் அயர்லாந்திலிருந்து அந்த வழியாகத்தான் வந்தவர். கேட்டதற்கு, அன்றைக்குத் தலைவலி, உள்ளேயே படுத்திருந்தேன் என்றார். கணவரின் ஆபீஸில் ஒருவர் இரண்டு முறை போய் வந்திருந்தார். அவர் இரண்டு முறையும் சீட்டாடிக்கொண்டிருந்தாராம். உலகத்தையே சுற்றிவிட்டு வருகிற மனிதர்கள் ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்தால் என்ன கெட்டுப்போகும் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

மாமா சமஸ்தானத்துப் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மண்டியா பக்கம் வாய்க்கால் வெட்டியே முடி நரைத்தவர். சாப்பாட்டு மேஜையில் பூகோளப் படத்தை விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மதகு எங்கே?" என்று கேட்டார். இரண்டு கடலும் ஏறக்குறைய ஒரே மட்டம், அதனால் சூயஸுக்கு மதகு வேண்டியதில்லை என்றேன். "மதகு இல்லாம ஒரு கால்வாயா? யாரும்மா எஸ்டிமேட் பாஸ் பண்ணது?" என்றார். அன்றிலிருந்து அந்தக் கால்வாய் மேல் அவருக்கு ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. நாங்கள் அதில் போவதை ஒரு ரிஸ்க்காகவே கருதினார்.

கப்பலில் வாந்தி வரும் என்று யாரோ சொல்லிவிட, அதற்கும் அவரே வைத்தியம் கண்டுபிடித்தார். தினமும் சாயங்காலம் நான் கூடத்து ஊஞ்சலில் கண்ணை மூடி உட்கார வேண்டும், அத்தை ஆட்டிவிட வேண்டும். உடம்பு பழகிவிடுமாம். என் மாமியார் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. அவர் ஆட்டிய ஆட்டத்தில் மூன்றாம் நாள், கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே, கெட்டித் தரையில் நான் வாந்தி எடுத்தேன். மாமா அசரவில்லை. "நல்லதுதான். இங்கயே வந்துட்டுது. இனிமே அங்க வராது" என்றார்.

அப்புறம் பெட்டி கட்டும் படலம். கப்பல் கம்பெனி அனுப்பிய ஒட்டுச் சீட்டுகளில் இரண்டு வகை இருந்தது. ஒன்று, வழியில் வேண்டியது; அது நம் அறைக்கு வரும். இன்னொன்று, வழியில் வேண்டாதது. அது கப்பலின் அடித்தளத்துக்குப் போய்விடும். மாமா இதை விளக்கியதும் அத்தை, "வழியில வேணாம்னா எதுக்கு அதைத் தூக்கிட்டுப் போறது?" என்று கேட்டார். கடைசியில் ஊறுகாய், சட்னிப் பொடி, புளியோகரைக் கொஜ்ஜு என்கிற புளிக்காய்ச்சல் எல்லாம் வேண்டியதிலும், கமர்ஷியல் தெருத் தையற்காரர் தைத்துக் கொடுத்த கம்பளிக் கோட்டு வேண்டாததிலும் போயின. புடவைக்கு மேல் போடுகிற கோட்டு தைத்து அவருக்குப் பழக்கமில்லை. போட்டுப் பார்த்தபோது நெல் மூட்டைக்குக் கை வைத்த மாதிரி இருந்தேன்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்ததில்தான் கப்பல் கம்பெனியிடமிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் வந்து சேர்ந்தது. சூயஸில் கப்பலை விட்டு இறங்கி, மோட்டாரில் கெய்ரோ போய், பிரமிடுகளைப் பார்த்துவிட்டு, அன்று சாயங்காலமே கால்வாயின் மறுமுனையில் போர்ட் சையிதில் அதே கப்பலைப் பிடித்துக்கொள்ளலாம். நாள் முழுக்கக் கப்பல் கால்வாயில் ஊர்ந்துகொண்டிருக்கும். அதற்குள் பயணிகள் எகிப்தைப் பார்த்துவிடலாம். நல்ல ஏற்பாடுதான். என் கணவர் அதைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. ஹைஸ்கூல் சரித்திரப் புத்தகத்தில் பிரமிடு படத்தைப் பார்த்த நாளிலிருந்து அது அவர் கனவாம். கல்யாணமாகி ஆறேழு வருடத்தில் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ரெண்டு பேருக்கும் சொல்லிடறேன்" என்றார்.

"நான் சூயஸ்ல எறங்கமாட்டேன்" என்றேன்.

"கால்வாய்ல என்ன இருக்கு? தண்ணி. ரெண்டு பக்கமும் மணல்."

"பிரமிடு மட்டும் என்ன? கல்லு. சுத்தியும் மணல்."

அன்று தொடங்கிய சண்டை ஒரு வாரம் நடந்தது. நேரடிப் பேச்சு நின்றுபோய், அத்தை மூலமாகத்தான் எல்லாம். "அவருக்குக் காபி வேணுமான்னு கேளுங்க, அத்தை." "வேணாம்னு சொல்லும்மா." இருவரும் ஒரே கூடத்தில் நான்கு அடி தள்ளி உட்கார்ந்திருப்போம். அத்தைக்கு அலுத்துப்போயிற்று. "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி? ஏதோ ஒண்ணைப் பாத்துட்டு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு என் கணவர் இறங்கி வந்தார். "சரி. உனக்காகப் பிரமிடை விட்டுடறேன். நானும் கப்பல்லயே இருக்கேன்" என்றார். விட்டுக்கொடுத்தவரைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். எனக்கு என்னமோ ஆத்திரம்தான் வந்தது. விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நான் எந்தக் கரையைப் பார்ப்பது? அதோடு, உனக்காகப் பிரமிடை விட்டேன் என்று அவர் சொல்வதை நாற்பது வருடம் நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"நீங்க போங்க. நான் கப்பல்ல தனியா இருந்துக்கறேன்" என்றேன்.

மாமா வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டார். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. நான் பிறந்தது நான்கு அக்கா தங்கைகளுக்கு நடுவில். வாழ்க்கைப்பட்டது எப்போதும் பத்துப் பேர் சாப்பிடுகிற வீட்டில். பள்ளிக்கூடம் போகக்கூட பஸ் ஸ்டாப் வரை மாமா வருவார், பஸ்ஸில் பக்கத்துத் தெரு டீச்சர் இருப்பார். ஒரு பகல் முழுக்க நான் தனியாக இருந்ததாக ஞாபகமே இல்லை. கால்வாய்க்காகத்தான் வாயைத் திறந்தேன். திறந்ததும் எனக்கு அந்தப் பகலும் வேண்டியிருந்தது. கால்வாயைவிட அதிகமாக வேண்டியிருந்தது என்றுகூடச் சொல்வேன்.

"புருஷன் ஒரு ஊர்ல, பொண்டாட்டி ஒரு கப்பல்லயா? நல்லா இருக்கு கதை" என்றார் அத்தை. எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாவுக்கு விஷயம் எப்படிப் போயிற்றோ, மறுநாள் காலை கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "ஒப்பளேனா?" என்று கேட்டார். தனியாகவா என்று அர்த்தம். அதைக் கேட்கும்போது அவர் முகத்தில் இருந்தது கண்டனமா பொறாமையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மாமாவின் கவலை வேறு. "பாலைவனத்துல கார் ரிப்பேராகி, இவன் வர்றதுக்குள்ள கப்பல் போயிட்டா? நீ எங்க, அவன் எங்க?"

"நான் லண்டன்ல இருப்பேன், மாமா. அவரும் அங்கதானே வரணும்."

இதற்கு அவர் சிரித்துவிட்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று என் கணவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்தக் காலம் அப்படி. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ தலையைக் குனிந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து சவுத் பரேடில் இருந்த கப்பல் ஏஜென்ட் ஆபீஸுக்கு இருவரும் போனோம். பஸ்ஸிலும் பேச்சு இல்லை. கவுண்டரில் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண், உதட்டுச்சாயம் பூசி, கழுத்தில் சிலுவை போட்டுக்கொண்டு, சுறுசுறுப்பாக இருந்தாள். எங்கள் கேபின் டிக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டாள்.

"கெய்ரோவுக்கு இரண்டு பேர்தானே?"

நான் சுவரில் மாட்டியிருந்த கப்பல் படத்தைப் பார்த்தேன்.

"ஒருவர்" என்றார் என் கணவர்.

"மேடம் வரவில்லையா? உடம்பு சரியில்லையா?"

"அவளுக்குக் கப்பலில் வேலை இருக்கிறது" என்றார்.

அந்தப் பெண் மேலே கேட்காமல் குறித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் எனக்கு வாய் ஓயவில்லை. சேர்த்து வைத்திருந்த ஒரு வாரத்துப் பேச்சையும் கப்பன் பார்க் வரை கொட்டிக்கொண்டே வந்தேன். அவர் கடலைக்காய் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் போய் என்ன சொல்வது என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை. மகன் செய்துவிட்டு வந்ததை மாமா ஒரு பெருமூச்சோடு ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட கையோடு, கணவர் கப்பலைத் தவறவிட்டால் என்னென்ன செய்வது என்று எனக்கு ஒரு தனித் திட்டம் போட ஆரம்பித்துவிட்டார்.

மாமாவின் திட்டப்படி எதுவும் நடக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அரபிக் கடலில் வாந்தி எடுத்தவர் என் கணவர்தான். நான் கல்லு மாதிரி இருந்தேன்.

சூயஸில் விடியும் நேரத்தில் அவர் மற்றவர்களோடு படகில் ஏறிப் போனார். நான் மேல்தளத்தில் ஒரு நாற்காலியைக் கரைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கப்பல் மெல்ல உள்ளே நுழைந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், கால்வாய் ஒன்றும் பிரமாதமில்லை. கரையில் ஒரு தார் ரோடு, ஒரு ரயில் பாதை, நடுநடுவே கொஞ்சம் பேரீச்ச மரங்கள். கழுதையோடு ஒரு மனிதர் ஓரமாக நடந்து வந்தார். கப்பல் அவ்வளவு மெதுவாகப் போனதால் ரொம்ப நேரம் எங்களோடேயே வந்தார். ஒதுங்கி நின்று வழிவிட்ட கப்பல்கள் தூரத்திலிருந்து பார்க்க மணலுக்குள் நிற்பது போல் தெரிந்தன. அதைப் பார்த்தபோது மட்டும் எழுந்து நின்றுவிட்டேன். கரும்பலகையில் அதை எப்படி வரைவது என்று யோசித்தேன். பசித்தபோது சாப்பிட்டேன். தூக்கம் வந்தபோது கண்ணை மூடினேன். ஒரு காரணமும் இல்லாமல் கொஞ்சம் அழுதேன். யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

போர்ட் சையிதில் விளக்குகள் ஏற்றிவிட்டார்கள். கெய்ரோ போனவர்கள் படகு படகாக வந்து ஏறினார்கள். முதல் படகில் என் கணவர் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அப்போதுதான் பயம் பிடித்துக்கொண்டது. மாமா போட்டுக் கொடுத்த திட்டத்தில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. கடைசிப் படகில், தொப்பியும் தோளும் மணலாக, அவர் நிற்பது தெரிந்தது.

ஏணியில் ஏறி வந்தவர், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

எனக்கு மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. "உங்களைப் பாத்ததும்தான் உயிர் வந்துச்சு. ஆனா, இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருந்தாக்கூட பரவாயில்லைன்னு இருந்துச்சு" என்றேன். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அவர் தொப்பியைக் கழற்றி மணலைத் தட்டினார். அவரும் அதே வீட்டில், அதே பத்துப் பேருக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்தானே.

"முந்தின படகுலயே எடம் இருந்துச்சு" என்றார். "நான்தான் ஏறல."