ஈரத்துண்டுக்காரர்களும் பெலிக்ஸ் சாரும்

தென்காசியில் பெலிக்ஸ் சாருக்கு இரண்டு பிழைப்பு உண்டு. வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அதுதான் ‘ஈரத்துண்டு’ பாட்டுக் குழு. ஆரம்பித்தவர் பெயர் கடற்கரை. இளவயதில் குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர். தேய்க்கும்போது வாய்க்கு வந்ததைப் பாடுவார். முதுகைக் கொடுத்தவர்கள் எழுந்து போகாமல் கிடந்து கேட்டார்கள். அங்கிருந்து மேடைக்கு வந்துவிட்டார். இன்றைக்கும் குழுவில் எல்லோரும் தலையில் நனைந்த துண்டைப் போட்டுக்கொண்டுதான் மேடையேறுவார்கள். டிரம்ஸ் கிடையாது, பிளாஸ்டிக் வாளிதான்.

அவர்களுடைய பேர்போன பாட்டில் தென்காசியிலிருந்து வாசுதேவநல்லூர் வரைக்கும் பஸ் நிற்கும் ஊர்ப் பெயர்களைத் தவிர வேறு வார்த்தையே இல்லை. புளியங்குடி தாண்டியதும் பஸ் பழுதாகி நின்றுவிடும். இசையும் நின்றுவிடும். கடற்கரை மேடையில் சம்மணம் போட்டு வெற்றிலை மடிப்பார். கூட்டம் மொத்தமும் எழுந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஹோவென்று கத்திக்கொண்டு இல்லாத பஸ்ஸைத் தள்ளும்.

முதல் தடவை இதைப் பார்த்தபோது பெலிக்ஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. பழைய கீபோர்டுக்காரன் துபாய்க்குப் போய்விட்டான், ஒரு சீசனுக்கு மட்டும் வா என்று கடற்கரை கெஞ்சியதால் வந்தவர். அந்த ஒரு சீசன் இருபது வருஷத்தைத் தாண்டியது. ஏன் விடவில்லை என்று மனைவி ரூபி கேட்டால், “பாவம், அவன்கிட்ட சுருதி தெரிஞ்சவன் ஒருத்தனாவது வேண்டாமா?” என்பார். வேறு எந்த மேடையும் தன்னைக் கூப்பிடவில்லை என்பதைச் சொல்லமாட்டார்.

ரசிகர்களை அவர் மனிதர்களில் சேர்ப்பதில்லை. மஃப்டியில் வரும் போலீஸ்காரர்கள், புளியறையில் லாரியை ஓரங்கட்டிவிட்டு வரும் டிரைவர்கள், பேங்க் மேனேஜர் ஒருத்தர். எல்லோர் தோளிலும் துண்டு. எல்லோருக்கும் தலைவர் புளியங்குடி எலுமிச்சங்காய்க் கமிஷன் கடை பால்வண்ணநாதன். எந்த ஊர்க் கச்சேரியில் எந்த வாளி உடைந்தது என்று அவருக்கு மனப்பாடம். ‘ஒரு ராகத்தின் பேர் தெரியாது, வாளிக்கு வரலாறு வைத்திருக்கிறான்’ என்று பெலிக்ஸ் பல்லைக் கடிப்பார். இவர்கள் மூளையை அருவிக்கரையில் கழற்றி வைத்துவிட்டு வருகிறவர்கள் என்பது அவருடைய தீர்மானம்.

போன வருஷம் குற்றாலம் சீசன் கச்சேரியில் தான் கட்டிய ஒரு மெட்டை வாசிக்கவேண்டும் என்று கேட்டார். பல வருஷமாக இழைத்து இழைத்து வைத்திருந்த மெட்டு. கடற்கரை உடனே தலையாட்டினார். “வாசிலே பெலிக்ஸு. நீ கட்டுனதை யாரு வேண்டாம்ங்கா?”

சாயங்காலம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பெலிக்ஸ் வாசிக்க ஆரம்பித்ததும் கூட்டம் அடங்கியது. முன்வரிசையில் ரூபி கண்ணை மூடிக்கொண்டாள். மெட்டின் நடுவில் ஒரு மூச்சு நேரம் மௌனம் வரும். அதற்குப் பிறகுதான் உருக்கமான பகுதி. அவர் கையை எடுத்தார்.

“தள்ளுங்கலே!” என்று பால்வண்ணநாதனின் குரல் கேட்டது. கூட்டம் எழுந்து பஸ்ஸைத் தள்ளியது.

பெலிக்ஸ் கீபோர்டை ஆஃப் செய்தார். முகத்தைச் சுளித்து அவர்களை ஒரு பார்வை பார்த்தார். மேடையிலிருந்து இறங்கி, சிப்ஸ் கடைகளைத் தாண்டி, நனைந்தபடியே நடந்தார். முதுகுக்குப் பின்னால் விசில் பறந்தது.

மறுநாள் காலை பால்வண்ணநாதன் நாலு பேரோடு வீட்டு வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று பெலிக்ஸ் நினைத்தார்.

“சார், நேத்து நீங்க எறங்கிப் போனியள்லா, அந்த மாதிரி ஒரு ஐட்டம் இதுவரைக்கும் வந்ததில்ல சார்!” என்று சொல்லித் தன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். உள்ளே துவைத்துத் துவைத்து வெளுத்த பனியனில் பெலிக்ஸின் முகம் அச்சாகியிருந்தது. சுளித்த முகம். மற்ற நாலு பேரும் கழற்றினார்கள். நாலு முகம்.

“என்னலே இது?”

“இந்த மொகத்தைப் பாக்கத்தான் சார் பாதிப் பேரு வாரோம். நாங்க என்ன செஞ்சாலும் ஒங்களுக்குப் பிடிக்காது. அந்த நடிப்பு வேற எவனுக்கும் வராது சார்.”

“என்னலே, நடிப்பா? ஒங்க மூஞ்சிகளைக் கண்டாலே எனக்குக் குமட்டுது! மடப்பயக்களா, வெளிய போங்கலே!”

ஐந்து பேரும் கைதட்டினார்கள். உள்ளே ரூபி சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. இத்தனை வருஷம் வெறுத்தது உண்மையாக வெறுத்தது. அதையும் இந்த முட்டாள்கள் வேடிக்கையாக்கிக் கைதட்டி ரசித்திருக்கிறார்கள்.

அன்றோடு ஈரத்துண்டை விட்டார். கடற்கரை இரண்டு தடவை வந்து, காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதன் பிறகு சர்ச் மட்டும்தான். தான் கட்டிய மெட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எடுக்கும் நேரத்தில் முழுசாக வாசித்தார், மௌனத்தையும் சேர்த்து. யாரும் குறுக்கிடவில்லை. யாரும் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் நல்லதம்பி தோளைத் தொட்டு, “ஆர்கன் சத்தத்தைக் கொஞ்சம் கொறைச்சா நல்லாருக்கும் சார், பக்கத்து ஆள் பேசுதது கேக்க மாட்டேங்குது” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் பெலிக்ஸ் ரூபியிடம் சொன்னார்: “இவங்களுக்கு நான் வாசிக்கதும் ஒண்ணுதான், ஃபேன் ஓடுததும் ஒண்ணுதான்.”

“அந்தப் பால்வண்ணநாதனாவது நீங்க கைய எடுத்தது எந்த எடம்னு கவனிச்சாரு” என்றாள் ரூபி.

“அந்தக் கழுதையைப் பத்திப் பேசாத.”

இந்த ஆனி பிறந்து மேல்காற்று வீசி சீசன் தொடங்கியதும், கடற்கரை ஒத்திகை நடத்தும் ஓட்டுக் கொட்டகைக்குப் பெலிக்ஸ் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போனார். வாளி அடிப்பவர் நகர்ந்து இடம் விட்டார். ஸ்டாண்டை விரித்து நிறுத்தி, சுருதி பார்த்தார்.

“வாளி அரைச் சுருதி எறங்கிக் கெடக்கு. காது இருக்கா இல்லையாலே ஒங்களுக்கு?”

“சாப்ட்டியா பெலிக்ஸு?” என்றார் கடற்கரை.